எனக்குப் பலன் போதாமையால்

சின்ன வயதில் மனப்பாடம் செய்த ஒரு செபத்தை முப்பது வருடத்துக்கு மேல் பாதி மட்டும் நம்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு மிகவும் தாமதமாகத்தான் தெரிந்தது. உத்தம மனஸ்தாப மந்திரம். கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம், ராத்திரி படுக்கப் போகும் முன் மூச்சு விடாமல் ஓட்டிவிட்டுப் போவோமே, அதுதான். "சர்வேசுரா சுவாமீ" என்று தொடங்கும், பழைய தமிழ். மனஸ்தாபம் என்றால் இன்றைக்கு இரண்டு பேருக்கு நடுவில் வரும் சின்னச் சண்டை என்றுதான் நினைப்போம். அந்த மந்திரத்தில் அதற்கு அர்த்தம் வேறு. தாபம் என்றால் சூடு, எரிச்சல். செய்ததை நினைத்து மனசு எரிவதுதான் மனஸ்தாபம். தன் நெஞ்சே தன்னைச் சுடும் என்று சொல்வார்களே, அந்தச் சூடு.

அந்தச் சூடு எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், இதுவரை வெளியில் சொன்னதில்லை.

2013-ல் நடந்தது. நான் அப்போது ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். எனக்குக் கீழே புதிதாக ஒரு பையன் சேர்ந்திருந்தான், ஒப்பந்த வேலை, அவ்வப்போது புதுப்பிப்பார்கள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஒரு மாத முடிவில் கணக்கை மேலே அனுப்பும்போது கடைசி நேரத்தில் நான் ஓர் எண்ணை மாற்றினேன், தப்பாக மாற்றினேன். வேண்டுமென்று செய்யவில்லை, வெறும் அவசரம். "அக்கா, இது சரியா?" என்று அவன் கேட்கவும் கேட்டான். "சரிதான், அனுப்பு" என்றேன். அனுப்பியது அவன் கணினியிலிருந்து, அவன் பெயரில்.

மூன்றாம் நாள் எல்லோரையும் உட்கார வைத்து மேலாளர் கேட்டார், இந்த எண்ணை யார் மாற்றியது என்று. இவ்வளவு நாள் கழித்தும் அந்த அறையின் குளிர் எனக்கு ஞாபகம் இருக்கிறது. யோசித்து, திட்டம் போட்டுப் பொய் சொல்லவில்லை, வாய் தானாகத் திறந்தது. "எனக்குத் தெரியாது சார்."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அதில் கோபமே இல்லை, அக்கா இப்போது சொல்லிவிடுவாள் என்று காத்திருக்கிற பார்வை அது, ஒரு நான்கைந்து நொடி இருக்கும், அப்புறம் அவன் மேலாளர் பக்கம் திரும்பி "சாரி சார், நான் கவனிச்சிருக்கணும்" என்றான். இரண்டு மாதம் கழித்து அவனுடைய ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. கடைசி நாளில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனான், என்னிடமும்.

காரணங்கள் எனக்கு வண்டி வண்டியாக வந்தன. அந்த ஒரு தப்புக்காகவா வேலையை விட்டு அனுப்புவார்கள், வேறு ஏதாவது இருக்கும். சின்ன வயசு, அவனுக்கு இதைவிட நல்ல வேலை கிடைத்திருக்கும். நான் ஒன்றும் அவன் பெயரைச் சொல்லவில்லையே, தெரியாது என்றுதானே சொன்னேன். இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் ரொம்ப நாள் பிடித்துக்கொண்டிருந்தேன், சட்டப்படி பார்த்தால் நான் யார்மேலும் பழி போடவில்லை.

குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகாமல் இருந்தேனா என்றால், அதுவும் இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் ஒழுங்காகப் போனேன். "பொய் சொன்னேன், ஃபாதர்" என்று சொல்வேன். கோபப்பட்டேன், செபிக்க மறந்தேன், பொய் சொன்னேன். அந்த மூன்றாவது சொல்லுக்குள் அந்தப் பையனை மடித்து வைத்திருந்தேன். தொலைபேசியில் வீட்டில் இல்லை என்று சொல்கிற பொய்யும் அதுவும் ஒரே சொல்லில் அடங்கிவிடும் இல்லையா. சொன்னது மாதிரியும் இருக்கும், சொல்லாதது மாதிரியும் இருக்கும். வெளியே வரும்போது சூடு அப்படியே இருக்கும், அது ஏன் என்று எனக்குத் தெரியும், தெரியாதது போல நடப்பேன்.

பைபிளில் தாவீது அரசரிடம் இறைவாக்கினர் நாத்தான் போய் ஒரு கதை சொல்வார், நிறைய ஆடுமாடு வைத்திருந்த பணக்காரன் ஓர் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்துக்கொண்ட கதை. தாவீதுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும், அவன் சாக வேண்டும், நான்கு மடங்கு திருப்பித் தர வேண்டும் என்பார். "நீயே அந்த மனிதன்" என்பார் நாத்தான். பத்சேபாவை எடுத்துக்கொண்டு அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாக விட்டவருக்கு அடுத்தவன் திருட்டைக் கேட்டதும் எப்படி அவ்வளவு கோபம் வந்தது என்று முன்பு ஆச்சரியப்பட்டிருக்கிறேன். அந்த ஆச்சரியம் எனக்கு இப்போது இல்லை. அந்த வருடங்களில் யாராவது யாரையாவது மாட்டிவிட்டுத் தப்பித்தார்கள் என்று கேள்விப்பட்டால் அலுவலகத்திலேயே அதிகமாகக் கொதித்தது நான்தான். நியாயம் பேசினால் சூடு கொஞ்சம் அடங்கும்.

2019 குருத்து ஞாயிறு, ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு. அந்த ஞாயிறன்று ஆண்டவருடைய பாடுகளை, அவர் பிடிபட்டுச் சிலுவையில் இறந்த வரலாற்றை, முழுசாக வாசிப்பார்கள், மத்தேயு, மாற்கு, லூக்கா என்று வருடத்துக்கு ஒன்றாகச் சுற்றி வரும், அந்த வருடம் லூக்கா. இயேசு பிடிபட்ட ராத்திரியில் அவருடைய சீடர் பேதுரு அவரைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலிப்பதை நான்கு நற்செய்திகளும் சொல்கின்றன, அதையெல்லாம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் சேவல் கூவினதும் ஆண்டவர் திரும்பி பேதுருவைப் பார்த்தார் என்ற ஒரு வரி லூக்காவில் மட்டும்தான் இருக்கிறது. அவரை எனக்குத் தெரியாது என்று பேதுரு சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த வரி வந்தது. திரும்பிப் பார்த்தார். எனக்கு அந்தப் பையனின் முகம்தான் தெரிந்தது. மீதி வாசகம் எதுவும் காதில் விழவில்லை.

செவ்வாய்க்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வயதான குருவானவர், எனக்கு முன்பின் தெரியாதவர். இந்தத் தடவை மடித்து வைக்காமல் சொன்னேன், எண் மாற்றியது, அவன் கேட்டது, நான் சொன்னது, அவன் பார்த்தது, அவன் போனது, ஆறு வருடமாக அதைப் பொய் என்ற ஒரு சொல்லில் மறைத்துச் சொன்னது, எல்லாம். அவர் நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முடித்ததும், "மனஸ்தாப மந்திரம் தெரியுமாம்மா? சொல்லுங்க" என்றார்.

தொடங்கினேன். "எனக்கு இதைத் தவிர வேறு துக்கமில்லை" என்ற இடம் வரைக்கும் வந்தது. அங்கே நின்றுவிட்டேன். மறந்து போகவில்லை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அடுத்து வருவது எனக்கானது இல்லை என்று தோன்றியது. துக்கப்படுகிறேன், அது உண்மை, அதோடு இருந்துவிடுகிறேன் என்று தோன்றியது. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம், "மீதியையும் சொல்லணும்மா" என்று சொல்லிவிட்டு அவரே "இனிமேல்…" என்று எடுத்துக் கொடுத்தார். குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி அவர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல நான் பின்னால் சொன்னேன். இனிமேல் இப்படிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை முடிந்ததும் அந்த வரி வந்தது. "மேலும் எனக்குப் பலன் போதாமையால்."

ஆயிரக்கணக்கான தடவை சொன்ன வரி, அன்றைக்குத்தான் கேட்டேன். பலன் போதாது. என் அழுகையும் போதாது, என் பிரதிக்கினையும் போதாது, ஆறு வருடம் நான் எரிந்த எரிச்சலும் போதாது. இதையெல்லாம் நான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை, மந்திரத்திலேயே இருக்கிறது, என் பற்றாக்குறையையும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வரி அதோடு நிற்கவும் இல்லை. எனக்குப் போதாததால் இயேசு சிந்தின இரத்தத்தின் பலனைப் பார்த்து என் பாவங்களைப் பொறுத்தருளுவீர் என்று முழு மனதோடு நம்பியிருக்கிறேன், என்று முடியும். நம்பியிருக்கிறேன் என்பதும் மனஸ்தாபப்படுகிறேன் என்பதைப் போல அந்த மந்திரத்தில் ஒரு வினைச்சொல்தான், ஒன்றைச் சொல்லிவிட்டு இன்னொன்றை விட்டுவிட எனக்கு அனுமதி இல்லை. அங்கேதான் உடைந்து அழுதேன்.

துக்கத்தைப் பற்றி அதற்குப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன், கொஞ்சம் படிக்கவும் செய்தேன். 1551-ல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் மனஸ்தாபத்துக்கு ஒரு விளக்கம் சொன்னது, செய்த பாவத்தின்மேல் ஆன்மா கொள்ளும் வேதனையும் வெறுப்பும், இனிமேல் பாவம் செய்வதில்லை என்ற தீர்மானமும் என்று. கடவுளை நேசிப்பதால் வரும் துக்கம் உத்தமமானது. பாவத்தின் அசிங்கத்தை நினைத்தோ நரகத்துக்குப் பயந்தோ வருவது அந்த அளவுக்கு நிறைவானதல்ல, ஆனாலும் அதுவும் கடவுள் கொடுக்கும் வரம்தான் என்றது சங்கம். எனக்கு ஆறு வருடம் இருந்தது இந்த இரண்டில் எது என்று பார்த்தால், எதுவும் இல்லை. எனக்கு இருந்தது, நான் இப்படிப்பட்டவள் என்று தெரிந்துபோன அவமானம். நல்லவள் என்று என்னைப் பற்றி நான் வைத்திருந்த படம் கிழிந்துவிட்டதே என்கிற துக்கம். அதில் அந்தப் பையனும் இல்லை, கடவுளும் இல்லை. நான்தான் இருந்தேன்.

"கடவுள் மன்னிச்சிருப்பார், ஆனா என்னை நானே மன்னிக்க முடியலை" என்று நிறையப் பேர் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். கேட்கத் தாழ்மையாக இருக்கும். இப்போது அதைக் கேட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது. அவருடைய தீர்ப்புக்கு மேலே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் வைத்து அதில் நானே நீதிபதியாக உட்கார்ந்துகொள்கிறேன் என்றுதானே அதற்கு அர்த்தம். நம் இதயம் நம்மைக் குற்றவாளி என்று சொன்னாலும் கடவுள் நம் இதயத்தைவிடப் பெரியவர், எல்லாவற்றையும் அறிந்தவர் என்று யோவானின் முதல் திருமுகத்தில் வருகிறது. எல்லாம் அறிந்தவர் என்பதால்தான் எனக்கு அதில் ஆறுதல். முழுக்கத் தெரியாமல் மன்னித்துவிட்டாரோ என்று சந்தேகப்பட இடமில்லை.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாசை நினைத்தால் மனசு பிசைகிறது. அவனும் மனம் வருந்தினான், மத்தேயு அதைத் தெளிவாக எழுதுகிறார். குற்றமற்றவரைக் காட்டிக்கொடுத்தேன், பாவம் செய்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். துக்கம், அறிக்கை, பரிகாரம், எல்லாம் இருக்கிறது பாருங்கள். ஆனால் போய் நின்ற இடம் யாரிடம்? எங்களுக்கென்ன, அது உன் பாடு என்று சொன்னவர்களிடம். அவனுடைய முடிவைத் தீர்ப்பிட நான் யார், அது ஆண்டவருக்கும் அவனுக்கும் நடுவில் உள்ளது. எனக்கு உறைத்தது இதுதான், அழுத பேதுருவுக்கும் வருந்திய யூதாசுக்கும் கண்ணீரின் அளவில் வித்தியாசம் சொல்ல முடியாது. பேதுரு எப்படியோ அந்தக் கூட்டத்தோடேயே இருந்தார், கல்லறைக்கு ஓடினார், கடலில் குதித்துக் கரைக்கு வந்தார்.

கரைக்கு வந்தபோது அங்கே கரிநெருப்பு மூட்டியிருந்தது. யோவான் நற்செய்தியில் கரிநெருப்பு இரண்டே இடத்தில்தான் வருகிறது, ஒன்று தலைமைக் குருவின் முற்றத்தில், பேதுரு குளிர்காய்ந்துகொண்டே மறுதலித்த இடத்தில், இன்னொன்று உயிர்த்த இயேசு காலையில் மீன் சுட்டுக்கொண்டு காத்திருந்த கரையில். அந்த வாசனை பேதுருவுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆண்டவர் அந்த நெருப்பைத் தவிர்த்திருக்கலாம், தவிர்க்கவில்லை. ஆனால் அதன் பக்கத்தில் உட்கார வைத்து, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கவும் இல்லை. என்னை நேசிக்கிறாயா என்று கேட்டார், மூன்று தடவை. மூன்றாவது தடவை பேதுருவுக்கு வருத்தமாகிவிட்டது என்று எழுதியிருக்கிறது, வலிக்கத்தான் செய்தது. இதைப் படித்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரியில்தான் எனக்கு இன்னொன்று தட்டுப்பட்டது. நம்முடைய மந்திரமும் பாவத்தில் தொடங்கவில்லை. "உம்மை நான் முழு மனதோடு நேசிக்கிறேன்" என்றுதான் முதலில் வருகிறது, பாவங்களைச் செய்தேனே என்பதெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

சரி, மன்னிப்பு இவ்வளவு தாராளமாகக் கிடைத்தால் யாரும் எதுவும் செய்துவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு, கேட்க வேண்டிய கேள்விதான். அன்றைக்கு அந்தக் குருவானவர் பாவப்பொறுத்தல் கொடுப்பதற்கு முன் பரிகாரமாக 51-ம் திருப்பாடலைச் சொல்லச் சொன்னார். அது தாவீது, நாத்தான் வந்து போன பிறகு பாடியது என்று அதன் தலைப்பிலேயே இருக்கிறது, குருக்களும் துறவிகளும் வெள்ளிக்கிழமைதோறும் காலைச் செபத்தில் சொல்வது. அதோடு விடவில்லை. "அந்தப் பையன் பேர் கெட்டுப்போச்சு இல்லையா, அதை எப்படிச் சரி பண்ணலாம்னு யோசிங்க" என்றார். திருச்சபையின் மறைக்கல்வியிலும் இது இருக்கிறது, திருடினதைத் திருப்பித் தர வேண்டும், பழி சுமந்தவரின் நற்பெயரை மீட்டுக் கொடுக்க வேண்டும், பாவப்பொறுத்தல் பாவத்தை எடுத்துவிடும், பாவம் உண்டாக்கிய கோளாறு அங்கேயேதான் கிடக்கும். நற்செய்தியில் வரும் வரி வசூலிப்பவர் சக்கேயு, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றது, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு அவரைக் கூப்பிட்ட பிறகுதான். அந்த வரிசை எனக்கு முக்கியம். மன்னிக்கப்படாதவளாக இருந்திருந்தால் அந்தத் தொலைபேசி எண்ணைத் தேட எனக்குத் துணிச்சல் வந்திருக்காது, ஆறு வருடம் வரவில்லையே.

துணிச்சல் என்று சொல்கிறேன், ஆனாலும் ஐந்து மாதம் ஆனது. முதலில் பழைய மேலாளருக்கு எழுதினேன், அவர் பதில் எழுதவில்லை. பழைய சக ஊழியர் ஒருவர் மூலமாக அவன் எண் கிடைத்தது, ஒரு சாயங்காலம் கூப்பிட்டேன், என் பெயரைச் சொன்னேன். "அக்கா" என்றான், அதே அக்கா. ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் போய், அந்த எண்ணை மாத்தினது நான்தான், உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும், நான் பொய் சொன்னேன், மன்னிச்சிரு என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டான் போல என்று நினைத்தேன்.

"இதை எங்க அப்பாகிட்ட சொல்வீங்களா அக்கா?" என்றான்.

அவனுடைய அப்பா அத்தனை வருடமும், பையன் பொறுப்பில்லாமல் வேலை பார்த்து வந்த வேலையைக் கெடுத்துக்கொண்டான் என்றே நம்பிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவன் எந்த வேலைக்குப் போனாலும் "இதையாவது கவனமாப் பாரு" என்று சொல்லித்தான் அனுப்புவாராம். நான் ஒரு நாளும் யோசித்துப் பார்க்காத ஒரு வீடு, ஒரு அப்பா. என் பாவம் எனக்குத் தெரியாமல் அங்கே போய்க் குடியிருந்திருக்கிறது.

பேசினேன். வயதான குரல், யாருங்க என்றார். சொன்னேன், அவனிடம் சொன்னதைவிட மெதுவாக, ஒன்றையும் விடாமல். தப்பு என்னுடையது, உங்கள் பையன் சரியா என்று கேட்டான், நான்தான் அனுப்பச் சொன்னேன், கேட்டபோது தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவர் நடுவில் ஒன்றும் சொல்லவில்லை. முடித்த பிறகும் கொஞ்ச நேரம் மூச்சு விடும் சத்தம்தான் கேட்டது. அப்புறம் "சரிம்மா" என்றார். போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எனக்குக் கேட்டது, இரண்டு தடவை கூப்பிட்டார், இரண்டாவது தடவை குரல் வேறு மாதிரி இருந்தது.

மன்னித்தேன் என்று அவன் அன்றைக்குச் சொல்லவில்லை, இதுவரையும் சொல்லவில்லை. நான் கேட்டு வாங்கக்கூடியது அது இல்லை. போன மாதம் ஒரு பண்டிகை வாழ்த்து அனுப்பியிருந்தான், என் பெயரைச் சேர்த்து. அன்று ராத்திரி மந்திரத்தைச் சொல்லி, எனக்குப் பலன் போதாமையால் என்ற இடத்தில் வழக்கம்போல நின்று, மீதியையும் சொல்லி முடித்துவிட்டுத் தூங்கப் போனேன்.